எக்ஸ்ரேயில் விழாத நார்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோது இலக்கியம் படைக்கும் எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. ஒரு டாக்டரைத் திட்ட வேண்டும், அவ்வளவுதான். நேரில் திட்டத் துப்பில்லாதவர்கள்தான் எழுத வருகிறார்கள் என்பாள் என் தங்கை. என்னை மனதில் வைத்துத்தான் சொல்வாள்.

அந்த டாக்டர் எழுதிய ஒரு வரி என்னிடம் இருக்கிறது. "வலிக்கு உடல்ரீதியான காரணம் எதுவும் காணப்படவில்லை, கவனம் ஈர்க்கும் போக்கு உள்ளது." ஒன்பது சொல். அதை எழுத அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். பதில் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஆகிறது.

நான் பாடப்புத்தகம் எழுதுகிறவள். பதினொன்றாம் வகுப்பு உயிரியல். இந்த வருடத் திருத்தத்திலும் இணைப்புத் திசு என் பங்குக்கே வந்தது. அந்தப் பாடத்தையும் இந்தக் கதையையும் ஒரே மேசையில், ஒரே சமயத்தில் எழுதினேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தேன், வரவில்லை. விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அவள் தோள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கழன்று விழுந்தது." விழவில்லை. தோள் கழன்றால் எதுவும் விழாது. கை தொங்கும், விரல் மரத்துப்போகும், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "நம் உடலை ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பது எது என்று நீங்கள் என்றாவது யோசித்தது—" நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். நானும் யோசித்ததில்லை. "இணைப்புத் திசு பிற திசுக்களை இணைத்துத் தாங்குகிறது" என்ற வரியை மூன்று பதிப்புகளில் அப்படியே விட்டுவைத்தவள் நான். எழுத்துப்பிழை இல்லை என்பதுதான் அந்த வரியில் நான் கண்ட சிறப்பு.

மூன்றாவது: "சின்ன வயதில் அவளை எல்லோரும் ரப்பர் என்று கூப்பிட்டோம்."

இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை. "கூப்பிட்டோம்" என்ற சொல்லில் நானும் இருக்கிறேன்.

3

சின்ன வயதில் அவளை எல்லோரும் ரப்பர் என்று கூப்பிட்டோம். கட்டைவிரலைப் பின்னால் மடக்கி மணிக்கட்டைத் தொடுவாள். முழங்கையைத் தப்புப் பக்கமாக வளைப்பாள். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தால் ஒரு சாண் வருமோ என்று தோன்றும். (சாண் வராது. மூன்று விரல் வரும். மிகைப்படுத்தினால் கதை கெட்டுவிடும். இவள் கதையில் அது கொஞ்சம் கூடுதலாகவே கெடும். ஏன் என்று பிறகு தெரியும்.)

பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்க்க யாராவது வந்தால், விளையாட்டு டீச்சர் அவளை மேசைமேல் ஏற்றிவிடுவார். அவள் வளைவாள். வந்தவர்கள் கைதட்டுவார்கள். அவள் என் தங்கை என்று பக்கத்து பெஞ்சிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பவுசு.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டு, "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்பாள். கீழே விழுந்தால் எங்களுக்குச் சிராய்ப்பு. அவளுக்குத் தோல் வாய் பிளந்துவிடும். தையல் போட்டால் தையல் பிரியும். ஆறின பிறகும் தழும்பு அகலமாக, மெலிசாக, ஈரத்தில் நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி சுருங்கிக் கிடக்கும். இரண்டு முழங்காலிலும் அப்படி ஒவ்வொன்று, நெற்றியில் ஒன்று.

[இங்கே ஒரு காட்சி இருந்தது. கதைக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்டேன்.]

4

வளர்ந்தபின் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குப் போனாள். நோயாளிகளின் படுக்கைவிரிப்பு முழுக்க அங்கேதான் வரும். இயந்திரத்திலிருந்து ஈரமாக வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதற வேண்டும். சுருக்கம் போக ஓங்கி ஒரு உதறு, இழுத்து ஒரு உதறு. பிறகு சூடான உருளைக்குள் ஊட்ட வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று வரும். மூன்றாக மடித்து அடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு விரிப்பு. எண்ணூறு உதறு.

எப்போதும் அவளுக்கு எதிரே நின்று மறுமுனை பிடிப்பவள் ஒருத்தி. பருத்த உடம்பு, பெரிய குரல். தங்கை வீட்டில் அவளைப் பற்றிப் பேசும்போது "எதிர்முனை" என்றுதான் சொல்வாள். "இன்னிக்கு எதிர்முனைக்கு ஜலதோஷம். ஒவ்வொரு உதறுக்கும் ஒரு தும்மல்."

முதல் தடவை தோள் கழன்றது எதிர்முனையின் கண்முன்னால். உதறும்போது "டொக்" என்று கேட்டதாம். உருளைதான் மாட்டிக்கொண்டது என்று எதிர்முனை இயந்திரத்தைப் பார்த்தாளாம். பிறகுதான் விரிப்பின் ஒரு முனை தரையில் கிடப்பதைக் கண்டாள்.

எலும்பு டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் தோள் தானாக உள்ளே போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு அழகா இருக்கே" என்றார் டாக்டர். அழகைக் காட்டவா அங்கே போனாள்?

நான்கு வருடத்தில் பதினோரு தடவை கழன்றது.* பிறகெல்லாம் அவளே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். மடிக்கிற மேசைமேல் குப்புறச் சாய்ந்து, கையைக் கீழே தொங்கவிட்டு, மூச்சை மெல்ல மெல்ல விடுவாள். எதிர்முனை மற்றவர்கள் பார்க்காதபடி ஒரு விரிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த விரிப்பு.

இரண்டாவது டாக்டர், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தலையாட்டினார். மூன்றாமவர் வீட்டில் ஏதாவது டென்ஷனா என்று கேட்டார். நான்காமவர்தான் அந்த வரியை எழுதியவர்.

* இந்த "பதினோரு" என்ற சொல்லைப் பற்றி. கதையின் முதல் பாதியைப் படித்த பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: "மேடம், பதினொன்னு ரொம்ப ஓவரா இருக்கு. வாசகர் நம்பமாட்டாங்க. மூணுன்னு வைங்களேன். மூணுதான் கதைக்கு அழகு." நான் மூன்று என்று மாற்றினேன். ஆம், மாற்றினேன். ஒரு ராத்திரி முழுக்க அது மூன்றாகவே இருந்தது. காலையில் படித்தபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. எட்டுத் தடவை அவள் அந்த மேசையில் குப்புறக் கிடந்ததை, கதைக்கு அழகு வேண்டும் என்று நான் அழித்திருக்கிறேன். டாக்டர் செய்ததும் இதைத்தானே? அவராவது அழகுக்காகச் செய்யவில்லை. பதினொன்று. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

5

பாடத்துக்கு வருகிறேன்.

பழைய பதிப்பில் இணைப்புத் திசுவுக்கு ஒரு படம் இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ வரைந்ததைப் பார்த்து வேறு யாரோ வரைந்தது. நார்கள் நூடுல்ஸ் மாதிரியும் செல்கள் நொறுங்கின அப்பளம் மாதிரியும் இருக்கும். இந்தத் தடவையாவது அசலைப் பார்த்துவிடுவோம் என்று ஒரு மருத்துவக் கல்லூரியின் திசு ஆய்வகத்துக்குப் போனேன்.

அங்கே ஸ்லைடு தயாரிக்கும் பெண் என் வயதுக்காரி. கையுறை கழற்றிய விரலெல்லாம் ஊதாச் சாயம். நான் இணைப்புத் திசு என்றதும் நாற்காலியைத் திருப்பி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"நெஜமாவே அதைப் பாக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமாம். ஏன்?"

"இல்ல, எல்லாரும் மூளை, ஈரல், கிட்னின்னுதான் கேப்பாங்க. இதைக் கேட்டு யாரும் வந்ததில்ல. பசங்களும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்ல வச்சா, 'இது சும்மா இணைப்புத் திசு மேடம்'னு தள்ளிட்டுப் போறானுங்க. அது என்ன சும்மா? அது இல்லன்னா உங்க ஈரல் எங்க உக்காரும்? தரையிலயா?"

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

கண்ணை வைத்துப் பார்த்தேன். நீலமாகத் தடிதடியாகப் புரள்வது கொலாஜன் நார். இழுத்தால் அறாதது. இடையில் கறுப்பு மயிரிழைபோல் வளைந்து ஓடுவது எலாஸ்டின். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்புவது. இன்னொரு ஸ்லைடில், நிணநீர்க் கணுவுக்குள், சிலந்திவலை மாதிரி மெல்லிய பின்னல் நார்கள். முதல் ஸ்லைடிலேயே, நார்களுக்கு நடுவே, தொலைவு தொலைவாக, வெள்ளரி விதை போன்ற கறுத்த புள்ளிகள்.

"அதுதான் நார்ச்செல். ஃபைப்ரோபிளாஸ்ட்னு சொல்வீங்களே. இந்த நார் பூராவும் அது நூத்ததுதான். நூத்து வெளியில தள்ளிட்டு ஒரு ஓரமா ஒதுங்கிக்கும்."

"இவ்வளவு கம்மியா இருக்கே?"

"மத்த திசுல செல்லுதான் அதிகம். இதுல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிறதுதான் அதிகம்."

காயம் பட்டால் என்ன நடக்கும் என்றும் சொன்னாள். மாஸ்ட் செல்கள் முதலில் சங்கு ஊதும். அந்த இடம் சிவந்து வீங்கும். மேக்ரோஃபேஜ்கள் வந்து குப்பை அள்ளும். பிறகு நார்ச்செல்கள் ஊர்ந்து வந்து புது நார் போட்டு மூடும். அதுதான் தழும்பு.

"நார் சரியா நூக்கலன்னா?" என்று கேட்டேன். பாடத்துக்காகத்தான் கேட்டேன்.

"தோல் இழுத்தா இழுத்தபடி வரும். மூட்டைக் கட்டியிருக்கிற நாரு தொளதொளன்னு இருக்கும், அடிக்கடி கழலும். தழும்பு அகலமா, மெலிசா, சுருக்கம் சுருக்கமா..."

பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. தங்கையைப் பற்றிச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லன்னு சொன்னாங்க" என்றேன்.

"எக்ஸ்ரேல எலும்பு தெரியும். கட்டியிருக்கிற கயிறு எப்படித் தெரியும்?" குரல் உயர்ந்தது. பிறகு அவளே அடக்கிக்கொண்டாள். "நான் டாக்டர் இல்லங்க. இதுதான்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா யாராவது ஒருத்தர் அவங்க தழும்பைத் தொட்டுப் பாத்திருக்கணும். நாலு பேர்ல ஒருத்தர் கூடவா பாக்கல?"

(அன்று வீட்டுக்கு வந்து பாடத்தை நான்கு பக்கம் எழுதினேன். பாடக்குழு ஒன்றரைப் பக்கமாக வெட்டித் திருப்பி அனுப்பியது. குறிப்பு: "முக்கிய உறுப்புகளுக்கு இடம் தேவை.")

6

சலவைப் பிரிவிலேயே உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றச் சொல்லித் தங்கை எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்காக மருத்துவக் குழுவின் முன் வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன்.

என் முதல் பிரதியில், இந்த இடத்தில் நான் எழுந்து நின்று இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறேன். கொலாஜன், எலாஸ்டின், நார்ச்செல் என்று புட்டுப்புட்டு வைக்கிறேன். மூன்று டாக்டர்களும் வாயடைத்துப்போகிறார்கள். நல்ல காட்சி. கைதட்டல் வாங்கும். அதைக் கிழித்துப்போட்டேன். நடந்தது இதுதான்.

நீளமான மேசை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் இன்னொருவர், மறுபக்கம் வயதில் சின்னவரான பெண் டாக்டர்.

"கையைத் தூக்குங்க" என்றார் தலைவர்.

தங்கை தூக்கினாள். காதைத் தாண்டிப் பின்னால் போனது கை.

"நல்லாத்தானே தூக்குறீங்க. என்னைவிட நல்லாத் தூக்குறீங்க."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

"தூக்க வருது சார். நிக்கத்தான் மாட்டேங்குது. அளவு தாண்டிப் போகுது, அதான் கழலுது" என்றாள் தங்கை.

நான் எழுந்தேன். "சார், மூட்டைக் கட்டியிருக்கிற இணைப்புத் திசு நார்கள்—"

"நீங்க யாரு? டாக்டரா?"

"இல்ல சார். அக்கா. பாடப்புத்தகம் எழுதுறேன்."

"எந்த க்ளாசுக்கு?"

"பதினொன்னாம் க்ளாசுக்கு."

இப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். இதைத்தான் சொல்ல வந்தேன். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "ஒவ்வொரு தடவையும் டாக்டர் பாக்குறதுக்குள்ள சரியாயிடுது. அப்படித்தானே? யாரும் கண்ணால பாக்கல. நான் எதை வச்சு எழுதுறது?"

தங்கை முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "பாக்கணுமா சார்?" என்றாள்.

வேண்டாம் என்று நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விலக்கிவிட்டாள். வலது கையைப் பின்னால் கொண்டுபோனாள், தோளை முன்னால் தள்ளினாள். அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "டொக்" இல்லை. எதிர்முனைக்கு அப்படிக் கேட்டிருக்கலாம். தோளின் உருண்டை இருந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. பெண் டாக்டர் பாதி எழுந்துவிட்டார். தங்கையின் உதடு வெளுத்தது. முனகல்கூட இல்லை. மேசையின் விளிம்பில் சாய்ந்து, மூச்சை விட்டுவிட்டு, தானே உள்ளே போட்டுக்கொண்டாள்.

தலைவர் பேனா மூடியைத் திறந்தார்.

"ஆக, உங்களுக்கே கழட்டத் தெரியுது. கழட்டத் தெரிஞ்சவங்க தானாக் கழட்டிக்கிறாங்கன்னுதானே நான் எழுதணும்?"

இதற்குமேல் இந்தப் பகுதியை என்னால் நாகரிகமாக எழுத முடியவில்லை. காட்டாவிட்டால் சாட்சி இல்லை. காட்டினால் வித்தை. மேசைமேல் ஏற்றிவிட்டுக் கைதட்டியவர்கள் இவரைவிட ஒரு படி மேல். அவர்கள் அதை வைத்து அவள்மேல் குற்றம் எழுதவில்லை. இவருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. தெரியாது என்று எழுத ஒரு சொல் மொழியில் இருக்கிறது. அதை எழுதக் கூச்சப்பட்டு, இவளைப் பொய்க்காரி என்று எழுதக் கூச்சப்படாத—

நிறுத்துகிறேன்.

7

வராந்தாவில் அந்தப் பெண் டாக்டர் பின்னாலேயே வந்தார். "ஒரு நிமிஷம். அந்த நெத்தித் தழும்பைத் தொடலாமா?" என்று கேட்டார். தொட்டுப் பார்த்தார். முழங்கால்களையும் பார்த்தார். உள்ளங்கை அகலச் சீட்டில் ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

"உள்ள ஏன் இதைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார். வேறு சமாதானம் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், கையிலிருந்து பயறளவு தோல் எடுத்தார்கள். முடிவு வர ஆறு வாரம் என்றார்கள்.

அந்த ஆறு வாரத்தில்தான் தங்கை இந்தக் கதையைப் படித்தாள். நான் கொடுக்கவில்லை. மேசையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"டாக்டரை எல்லாம் நல்லாத் திட்டியிருக்க."

"பிடிச்சிருக்கா?"

"மூணாம் நம்பர்ல ஒரு காட்சி எடுத்துட்டேன்னு போட்டிருக்கியே, அது எது?"

நான் குழாயை மூடினேன்.

"பஸ் காட்சிதானே?"

"ஆமா."

"அதை ஏன் எடுத்த? டாக்டர் நாலு பேரும் என்னைப் பத்து நிமிஷம்தான் பாத்தாங்க. நீ கூடவே பொறந்தவ."

சரி. எடுத்ததைத் திரும்ப வைக்கிறேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. பஸ் படியில் ஏறும்போது முழங்கால் சில்லு நழுவி, படியிலேயே உட்கார்ந்து அலறினாள். பின்னால் ஏற நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அன்று எனக்கு ஒரு வேலைக்கான நேர்முகம். நான் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் சொன்னேன்: "போதும்டி. எல்லாரும் பாக்குறாங்க. நடிக்காத."

அவள் அலறலை நிறுத்திவிட்டாள். எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு என் முன்னால் அவள் வலியில் சத்தம் போட்டதே இல்லை. மருத்துவக் குழுவின் முன்னால் முனகல்கூட இல்லை என்று எழுதினேன் அல்லவா? அந்தப் பாடம் நான் எழுதியது.

"மன்னிச்சுக்கோ" என்றேன்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தக் கதை எப்படி முடியப்போகுது?"

"ரிப்போர்ட் வரட்டும். வந்ததும்..."

"வந்து, ஒண்ணும் இல்லன்னு இருந்தா?" தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். "அந்த டெஸ்டுல எல்லாமே தெரிஞ்சிடாதுன்னு அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க. ஒண்ணும் இல்லன்னு வந்தா, உன் கதையில நான் பொய்க்காரி ஆயிடுவேனா? அப்போ பதினொன்னும் கழலலையா?"

8

முடிவு ஒன்று: ரிப்போர்ட்டில் நோயின் பெயர் இருக்கிறது. தலைவர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுகிறார். (இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. கற்பனைக்கும் ஒரு எல்லை உண்டு.)

முடிவு இரண்டு: ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. தங்கை மறுநாளும் விரிப்பு உதறப் போகிறாள். உதறும்போது பன்னிரண்டாவது தடவை—

இது வேண்டாம். இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஐந்தாவது வாரத்தில், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில், எதிர்முனை விரிப்பைப் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் வந்து என்ன என்று கேட்டார்.

"அவளை வார்டுக்குத் துணி எடுத்துக் குடுக்கிற கவுண்டர்ல உக்கார வைங்க. அப்புறம் உதறுறோம்."

"மருத்துவக் குழு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கும்மா. பேப்பர் இருக்கு."

"பேப்பர் உதறுமா? அவ தோள் எங்க கிடக்கும்னு எங்களுக்குத் தெரியும். நாலு வருஷமா விரிப்பைப் பிடிச்சிக்கிட்டு நின்னது நானு. அந்தக் குழுவா நின்னுச்சு?"

அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள். உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மேல்மாடியிலிருந்து விரிப்பு கேட்டு போன்மேல் போன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தங்கை கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். "தற்காலிகம்" என்று எழுதியிருக்கிறார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்கும் கொலாஜன் என்றால் என்னவென்று தெரியாது. பன்னிரண்டு வருடமாக அதைப் பாடமாக எழுதும் எனக்குத் தெரியும்.

9

ஆறாவது வாரம் ரிப்போர்ட் வந்தது. தங்கை பிரித்துப் படித்தாள். என்னிடம் கொடுத்தாள். நானும் படித்தேன்.

அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பத்திரிகை ஆசிரியர் கெஞ்சிப் பார்த்தார். "மேடம், வாசகர் இவ்வளவு தூரம் வந்துட்டு ஏமாந்துபோவாங்க. ஒரே ஒரு வரி போடுங்க. இருந்துச்சா, இல்லையா?"

ஏமாற்றமாக இருக்கிறதா? இருக்கட்டும். முடிவை உங்களிடமே விடுகிறேன். இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தக் கதையில் எந்த வரியிலிருந்து நீங்கள் என் தங்கையை நம்பத் தொடங்கினீர்கள்?

ஸ்லைடு அறைக்காரி சொன்ன பிறகு என்றால், ஏன் அதுவரை காத்திருந்தீர்கள்? இன்னும் தொடங்கவே இல்லை, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால், தாராளமாக வாருங்கள். மேசையின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன். பேனாவும் தருகிறேன். அவளையும் கூப்பிடுகிறேன்.

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள்.